பி.எட். இரண்டாம் ஆண்டு, 16 வார டீச்சிங் பிராக்டிஸ்: போகும் முன் எதைத் தயார் செய்வது?

கணக்குப்புள்ள

அனைவருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பாடம் கணிதம். முதல் ஆண்டில் 4 வாரம் பள்ளிக்குப் போனோம். அதில் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்ததோடு சரி. இப்போது 16 வாரம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் சேர வேண்டும். 7ஆம் வகுப்பும் 9ஆம் வகுப்பும் கிடைக்கலாம் என்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதுதான் பிரச்சினை. "லெசன் பிளான் எல்லாவற்றையும் இப்போதே எழுதி முடித்துவிடு, அப்புறம் மூச்சு விட நேரம் இருக்காது" என்கிறார் சீனியர் அக்கா. விடுதியில் என் அறைத் தோழி கடையில் சார்ட் வாங்கி அடுக்கிவிட்டாள். எனக்குப் பயம் வேறு. மைக்ரோ டீச்சிங்கில் (சில நிமிடச் சின்னப் பாடம் நடத்திப் பழகுவது) என் எதிரில் இருந்தவர்கள் என் தோழிகள். நான் கேள்வி கேட்டு முடிக்கும் முன்னே பதில் சொல்லிவிடுவார்கள். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பின்பெஞ்ச்

பேசாமல் உட்கார்ந்திருந்தால் கோவிலுக்குத் தேங்காய் உடையுங்கள். ஏழாம் வகுப்பு பேசாமல் உட்காராது.

போன வருடம் முடித்தவன் நான், வரலாறு. முக்கியமான விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பேருந்து நேரம் பாருங்கள். எங்கள் பள்ளிக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அதை விட்டால் இறைவணக்கக் கூட்டம் முடிந்துதான் போய்ச் சேர முடியும். முதல் வாரத்திலேயே தாமதமாகப் போனால் தலைமையாசிரியர் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார், அதற்குப் பிறகு நீங்கள் தலைகீழாக நின்று பாடம் நடத்தினாலும் அது மாறாது. சேரும் நாளுக்கு முன்பே ஒரு நாள் அந்த நேரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தென்காசி டீச்சர்

கணக்குப்புள்ள தங்கச்சிக்கு. நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குப் பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள், கணிதம் என்றால் என்னிடம்தான் விடுவார்கள். அதனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லெசன் பிளானை இப்போதே எழுதாதே. எந்தப் பாடம் வரும் என்று உனக்குத் தெரியாது. நீ வரும்போது நான் எங்கே நிற்கிறேனோ அங்கிருந்துதான் நீ தொடங்க வேண்டும். உன் நோட்டில் கண மொழி (செட்) பாடம் அழகாக எழுதியிருக்கும், நான் அதை ஜூனிலேயே முடித்திருப்பேன். போன முறை வந்த பெண் இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தது. "மேடம், இதையே ஒரு தடவை நடத்திக்கொள்ளட்டுமா, ரெக்கார்டு நோட்டு வீணாகிவிடும்" என்று கேட்டது. முடித்த பாடத்தைப் பிள்ளைகளுக்கு மறுபடி எப்படி நடத்துவது?

முடிந்தால் இந்த வாரமே பள்ளிக்குப் போ. தலைமையாசிரியரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, வழிகாட்டி ஆசிரியர் யார் என்று கேட்டு அவரைப் பார். மூன்று கேள்வி போதும். ஆகஸ்டில் எந்தப் பாடம் ஓடும்? வகுப்பில் எத்தனை பேர் தமிழ் வழி, எத்தனை பேர் ஆங்கில வழி? உங்களுக்கு எந்த இடம் பிள்ளைகளிடம் ஏறவே மாட்டேன் என்கிறது? மூன்றாவது கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன்.

அப்புறம் பாடநூல். நம் புத்தகங்கள் 2018-19, 2019-20 ஆண்டுகளில் மாறியவை. நீ பள்ளியில் படித்த புத்தகம் இது இல்லையென்றால், "எனக்குத் தெரிந்த கணக்குதானே" என்று நினைக்காதே. 7ஆம் வகுப்புக்குப் பருவ வாரியாகப் புத்தகம், 9க்கு ஒரே புத்தகம். உனக்கு வரப்போகும் இரண்டு இயல்களிலும் பயிற்சிக் கணக்கு ஒன்று விடாமல் நீயே கையால் போட்டுப் பார். விடை வருகிறதா என்று மட்டும் பார்க்காதே, எந்த வரியில் பிள்ளை சறுக்கும் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள். இந்த ஒரு வேலைதான் உண்மையான தயாரிப்பு என்பேன்.

9ஆம் வகுப்புக்கு ஒரு உதாரணம். பல்லுறுப்புக் கோவைகளைக் கழிக்கும் கணக்கு. முதல் கோவையின் கெழுக்கள் (உறுப்புகளில் நிற்கும் எண்கள்) 5, −3, 2. இரண்டாவதன் கெழுக்கள் 2, −7, 4. கழித்தால் 3, 4, −2 வர வேண்டும். பாதி வகுப்பு 3, −10, 6 என்று எழுதி வைத்திருக்கும். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிட்டது. மீதி இரண்டுக்கும் போகவில்லை. நீ பலகையில் "குறி மாறும்" என்று சிவப்புச் சாக்பீஸால் பத்து முறை எழுதலாம், அடுத்த நாளும் அதேதான் வரும். ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் வராமல் இல்லை. 6, 7ஆம் வகுப்பில் வந்த முழுக்கள் (குறை எண்களும் சேர்ந்த முழு எண்கள்) அப்போதே நிற்கவில்லை. −3லிருந்து −7ஐக் கழிப்பது அதற்கு வெறும் மந்திரம்.

அதனால் முதல் நாள் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னத் தாள் கொடு. முழுக்கள் கூட்டல் கழித்தல் ஆறு கணக்கு, ஒரு வகுத்தல், ஒரு பின்னக் கூட்டல். மதிப்பெண் போடாதே. பெயர் மட்டும் எழுதச் சொல். அன்று இரவு அதைப் பார்த்தால் நீ யாருக்குப் பாடம் நடத்தப் போகிறாய் என்று தெரியும். பெயர்களும் பாதி மனதில் நின்றுவிடும்.

கணக்குப்புள்ள

மேடம், மிக்க நன்றி. தாளைப் பார்த்தேன், பாதிப் பேருக்கு முழுக்கள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன செய்வது? 9ஆம் வகுப்புப் பாடத்தை நிறுத்திவிட்டு 7ஆம் வகுப்புப் பாடம் நடத்த வழிகாட்டி ஆசிரியர் விடுவாரா?

தென்காசி டீச்சர்

நிறுத்த விட மாட்டேன். பத்து நிமிடம் கேட்டால் தருவேன். புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு வா.

தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்ப்போமே, அந்த மாதிரி. வெள்ளைப் பக்கம் +1, கறுப்புப் பக்கம் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம். இதை முதலில் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜோடி ஜோடியாக எத்தனை வைத்தாலும் மதிப்பு மாறாது என்று இரண்டு மூன்று முறை வைத்துக் காட்டு.

இப்போது −3. மேசையில் மூன்று கறுப்பு. இதிலிருந்து −7ஐக் கழிக்க வேண்டும், அதாவது ஏழு கறுப்பை எடுக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது. "எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். இதுதான் கஷ்டம், பயிற்சி மாணவர்கள் இந்த இடத்தில் மூன்று நொடி கூடப் பொறுப்பதில்லை, தாங்களே சொல்லிவிடுகிறார்கள். காத்திரு. யாராவது ஒரு பிள்ளை "ஜோடி போடலாமா டீச்சர்" என்று கேட்கும். நான்கு ஜோடி போடு. இப்போது கறுப்பு ஏழு, வெள்ளை நான்கு. மதிப்பு இன்னும் −3தான். ஏழு கறுப்பையும் எடுத்துவிடு. நான்கு வெள்ளை நிற்கும். விடை +4. மேலே சொன்ன கோவையில் நடு உறுப்புக்கு வந்த அதே 4.

9ஆம் வகுப்புப் பசங்கள் இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். கொட்டையைக் கண்டதும் முதலில் சிரிப்பார்கள். அடுத்த நிமிடம் யார் கையில் அதிகம் இருக்கிறது என்று சண்டை வரும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கு, இல்லையென்றால் வகுப்பறை முழுவதும் பறக்கும்.

கல்வியியல் வாத்தியார்

தென்காசி டீச்சர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் பி.எட். கல்லூரியில் பணியாற்றுகிறேன். ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் "லெசன் பிளான் வெறும் சடங்கு" என்ற எண்ணத்தோடு போய்விடக் கூடாது.

பின்னணி கொஞ்சம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகளுக்குப் பிறகு, 2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டாயிற்று. பள்ளியோடு இணைந்த பயிற்சி மொத்தம் 20 வாரம் என்று அதில்தான் வந்தது. ஓராண்டுப் படிப்பாக இருந்தபோது இவ்வளவு நாள் கிடையாது. எண்ணிக்கைக்கு நாற்பது பாடம் நடத்திவிட்டு வருவதற்காக இதை நீட்டவில்லை. ஒரு பள்ளி ஒரு பருவம் எப்படி ஓடுகிறது என்று உள்ளேயிருந்து பார்ப்பதற்குத்தான்.

நான் மேற்பார்வைக்கு வரும்போது பாடத்திட்ட நோட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது கற்றல் நோக்கங்களை அல்ல. அவற்றை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறீர்கள்: "மாணவர்கள் அறிந்துகொள்வர், புரிந்துகொள்வர், பயன்படுத்துவர்." நான் பார்ப்பது வினாக்கள் இருக்கும் பத்தியை. பிள்ளையிடம் எதிர்பார்க்கும் விடை என்ற இடத்தில் சரியான விடை மட்டும் எழுதியிருந்தால், இவர் பிள்ளையை நினைத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். தவறான விடை வந்தால் அடுத்து என்ன கேட்பேன் என்று ஒரு வரி இருந்தால் போதும், அவர் தயாராக வந்திருக்கிறார்.

மைக்ரோ டீச்சிங் பற்றிக் கணக்குப்புள்ள சொன்னது நியாயமான குறை. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அது தொடங்கியபோது எதிரில் உட்கார்ந்தவர்கள் உண்மையான பள்ளி மாணவர்கள். நாம் சக மாணவர்களை உட்கார வைத்து, 36 நிமிடச் சுற்றில் கற்பித்து, கருத்துக் கேட்டு, திருத்தி, மறுபடி கற்பிக்கிறோம். கிளர்வினாத் திறனை (பிள்ளையின் விடையிலிருந்து மேலும் கேட்டுக்கொண்டே போவது) அங்கே பழகியிருப்பீர்கள். உங்கள் தோழிகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: இன்றிலிருந்து யாரும் சரியான விடை சொல்லக் கூடாது. 3, −10, 6 என்றுதான் சொல்ல வேண்டும். பிடிவாதமாகச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் ஓரளவு பழகிவிடும்.

சாக்பீஸ் தூள்

எல்லாரும் நல்லவர்களாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் உள்ளதைச் சொல்லட்டுமா?

தனியார் பள்ளியில் ஆறு வருடமாக இருக்கிறேன். என் பி.எட். காலத்தில் பள்ளிக்கு வராமலே வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். ரெக்கார்டு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, சார்ட் கடையில் தொங்குகிறது. செய்முறைத் தேர்வுக்கு வரும் குழு அட்டையைப் பார்க்கும், உள்ளே படிக்காது. வேலைக்கு என்ன வேண்டும்? தகுதித் தேர்வு. தாள் 2, 150 கேள்வி, பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90. அதற்கு மேல் போட்டித் தேர்வு. அதில் எவனும் உங்கள் புளியங்கொட்டையைக் கேட்க மாட்டான். தங்கச்சி, ரெக்கார்டை வாங்கிக்கொள், மிச்ச நேரத்தில் தேர்வுக்குப் படி.

பின்பெஞ்ச்

அண்ணே, வாங்கின ரெக்கார்டுக்கு ஒரு கதை. எங்கள் கல்லூரியில் ஒருவர் வாங்கிய தனியாள் ஆய்வில் (ஒரு மாணவனைப் பற்றிய விரிவான பதிவு) மாணவனுக்கு "தந்தை மீனவர், கடலில் மறைந்தார்" என்று இருந்தது. பள்ளி இருந்தது தர்மபுரிப் பக்கம். தேர்வுக் குழுவில் வந்த அம்மையார் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தார்.

சாக்பீஸ் தூள்

😂 சரி, அதை மட்டும் ஊரைப் பார்த்து வாங்க வேண்டும்.

கல்வியியல் வாத்தியார்

நீங்கள் சொல்லும் முறைகேடு நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30 கேள்வி. அதில் பல கேள்விகள் சூழலைக் கொடுத்து, ஆசிரியராக நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பவை. வகுப்புக்குள் நின்றவருக்கு அவை எளிது. தனியாள் ஆய்வைச் சொந்தமாகச் செய்தவர் கற்றல் குறைபாடு பற்றிய கேள்விக்கு வழிகாட்டி நூலைப் புரட்ட வேண்டியதில்லை.

தென்காசி டீச்சர்

சாக்பீஸ் தூள் சார், நீங்கள் இன்று வகுப்பில் பிழைப்பது தகுதித் தேர்வுக்குப் படித்ததை வைத்தா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தூள்

இல்லைதான் டீச்சர். முதல் வருடம் என்னிடம் பிள்ளைகள் பட்டது போதும். இருந்தாலும் தேர்வை விட்டுவிடச் சொல்லாதீர்கள், வயிறு இருக்கிறது.

பானு அக்கா

யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லையே, நான் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறேன்.

தொண்டை முதல் வாரத்திலேயே போகும். கத்திக் கத்திப் பேசாதே கண்ணு. சத்தம் கூடினால் நீ குரலைக் குறை, பக்கத்தில் போய் நில். தண்ணீர் பாட்டில் கட்டாயம். தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டுமே என்று குடிக்காமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், அது பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும். முதல் நாளே ஆசிரியைகளிடம் சாவி யாரிடம் என்று கேட்டு வைத்துக்கொள், இதில் வெட்கமென்ன.

புடவை கட்டச் சொல்லும் கல்லூரிதான் அதிகம். பழக்கமில்லையென்றால் இந்த மூன்று வாரத்தில் பாதி நாள் கட்டிக்கொண்டு வேலை பார். பருத்தி போதும், தோளில் இரண்டு பின். பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது.

பலகை எழுத்தும் பழகு. காகிதத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் பலகையில் வரி மேலே ஏறும். பள்ளி முடிந்த பிறகு ஏதாவது காலி வகுப்பில் போய் எழுது. எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நீயே படித்துப் பார். சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடைத்துச் சாய்த்துப் பிடி. மேலே நாள், வகுப்பு, பாடம், ஓரத்தில் மொத்தம் எத்தனை, வருகை எத்தனை. கணக்குக்குப் பலகையில் வலது பக்கம் ஒரு கோடு கிழித்துச் சில்லறைக் கணக்குப் போட இடம் விட்டுவிடு. நடுவில் அழித்து அழித்துப் போட்டால் பிள்ளைகள் எதை எழுதுவது என்று தெரியாமல் திணறும்.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருசம் கல்லூரிக்குள் படிப்பு, மூன்றாம் வருசம் முழுக்கப் பாடசாலையில் கட்டுறுப் பயில்வு, உங்கள் டீச்சிங் பிராக்டிஸ் மாதிரி. ஒரு வருசம் என்றபடியால் அதிபர் (தலைமையாசிரியர்) எங்களை விருந்தாளி மாதிரிப் பார்ப்பதில்லை, நேரசூசியில் (கால அட்டவணை) பெயர் போட்டுவிடுவார். விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் அலங்கரிக்கிறது வரைக்கும் எங்கள் தலையில்தான்.

எனக்கு உதவின ஒரு விசயம்: வகுப்பின் இருக்கை வரைபடம். ஒரு தாளில் மேசைகளை வரைந்து பெயர்களை எழுதி, ஆசிரியர் மேசையில் வைத்துக்கொண்டன். "நீல ரிப்பன் கட்டின பிள்ளை" என்று கூப்பிடுகிறதுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே காணலாம். பெயரைச் சரியாக உச்சரிக்கவும் வேணும்.

கணக்குப்புள்ள

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்குத் தனியாக. ஒரு சங்கடமான கேள்வி. முதல் ஆண்டு போன இடத்தில் ஓர் ஆசிரியர் என் கையில் குச்சியைக் கொடுத்து "இது இல்லாமல் உள்ளே போகாதம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன், பயன்படுத்தவில்லை. இந்த முறையும் அப்படிச் சொன்னால்? வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்துதானே எனக்கு எல்லாமே.

தென்காசி டீச்சர்

வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போ. அவரோடு விவாதம் பண்ணாதே, "கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் சார்" என்று பழியைக் கல்லூரி மேல் போடு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முட்டி போட வைப்பது மட்டுமில்லை, "உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு, மாடு மேய்க்கப் போ" என்பதும் அதில் வரும். குச்சி எடுக்காத நல்லவர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

குச்சிக்குப் பதில் என்ன என்று கேட்பாய். சத்தம் போடும் வகுப்பில் பாதி, வேலை இல்லாத வகுப்பு. நீ பலகையில் எழுத முதுகைக் காட்டும் அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து. அந்த நேரத்தில் அவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கட்டும். சீக்கிரம் முடித்துவிடும் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கைத் தனியாக வைத்திரு. ரகளை பண்ணும் பையனை நிற்க வைத்துப் பேசாதே, அவனுக்கு மேடை கிடைத்துவிடும். பக்கத்தில் போய் நோட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடு. வகுப்பு முடிந்து வெளியில் வைத்துப் பேசு.

கல்வியியல் வாத்தியார்

இதோடு சேர்த்து ஒன்று. 16 வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ரகசியமாக ஏதாவது சொல்லும். உங்களை அக்கா மாதிரி நினைப்பதால் ஆசிரியர்களிடம் சொல்லாததைச் சொல்லும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் தொல்லை பற்றியது என்றால், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். பயிற்சி மாணவர் என்பதால் விலக்கு இல்லை. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடமும் தலைமையாசிரியரிடமும் உடனே சொல்லுங்கள். பள்ளியில் அமுக்கப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதையும் நிறுத்துங்கள். ரெக்கார்டுக்குப் படம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அதோடு நிற்கட்டும்.

கணக்குப்புள்ள

சேர்ந்துவிட்டேன்! முதல் வாரம் முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

முன்கூட்டியே போய்ப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வழிகாட்டி ஆசிரியர் சார் மூன்றாவது கேள்விக்கு உண்மையிலேயே அரை மணி நேரம் பேசினார். இயற்கணிதம்தான் ஓடுகிறது. சின்னத் தாள் கொடுத்தேன். மேடம் சொன்னதை விட மோசம், கழித்தலில் எதிரெண் வந்த இரண்டு கணக்கும் சரியாகப் போட்டவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். வகுத்தல் மட்டும் பரவாயில்லை. புளியங்கொட்டை தேய்க்க அம்மாவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை சாரிடம் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன், தந்துவிட்டார்.

ஆனால் எதிர்பாராத ஒன்று. இரண்டாம் நாளிலிருந்து ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் என்னையும் என்னோடு வந்த இன்னொருவரையும் அனுப்புகிறார்கள். 8ஆம் வகுப்பில் சமூக அறிவியல் பாடவேளையில் போய் நின்றேன், கையில் எதுவும் இல்லை. இது சரியா? எங்கள் கல்லூரியில் புகார் செய்யலாமா?

பின்பெஞ்ச்

வாழ்த்துகள், இப்போதுதான் நீங்கள் அதிகாரபூர்வமாகப் பயிற்சி மாணவர்.

சாக்பீஸ் தூள்

இலவச ஆள். நான் அப்போதே சொன்னேன்.

தென்காசி டீச்சர்

சாக்பீஸ் தூள் சார் சொல்வதில் பாதி உண்மை. பயிற்சி மாணவர் வந்தால் சில பேர் பணியாளர் அறையில் காலை நீட்டிவிடுவார்கள், என் பள்ளியிலும் உண்டு. மீதிப் பாதி என்னவென்றால், ஒருவர் விடுப்பில், ஒருவர் பயிற்சிக்கு, ஒருவர் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவு) பதிவேற்றத்தில் என்றிருக்கும்போது தலைமையாசிரியருக்கு வேறு வழி இருக்காது.

நாளைக்கு ஒன்று என்றால் போய்விட்டு வா. உன் சொந்தக் கணக்கு வகுப்பே தடைப்படும் அளவுக்குப் போனால் கல்லூரிக்குப் புகார் எழுதாதே, முதலில் வழிகாட்டி ஆசிரியரிடம் சொல். "சார், 9ஆம் வகுப்பு மூன்றாம் பாடவேளை மட்டும் எனக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று குறிப்பாகக் கேள். அவர் பேசினால் வேலை முடியும். அதற்கும் மசியவில்லையென்றால் மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் காதில் போடு.

பையில் எப்போதும் நாலைந்து விளையாட்டு இருக்கட்டும். மாயச் சதுரம் இருக்கிறதே, 1 முதல் 9 வரை எண்களை 3க்கு 3 கட்டத்தில் எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்பச் சொல். நடுவில் 5 என்று சொல்லிவிடாதே, அதைக் கண்டுபிடிப்பதில்தான் இருபது நிமிடம் ஓடும். சீக்கிரம் முடித்தவனிடம் 1729ஐ இரண்டு கன எண்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதச் சொல். 6ஆம் வகுப்பு என்றால் 1 முதல் 100 வரை கூட்டச் சொல். ஒருவன் ஒன்றொன்றாகக் கூட்டத் தொடங்குவான், விடு, கூட்டட்டும். அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் 1ஐயும் 100ஐயும் ஜோடி சேர்த்துக் காட்டு.

கணக்குப்புள்ள

மாயச் சதுரத்தை இன்றே 8ஆம் வகுப்பில் போட்டேன் மேடம். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த தமிழ் ஐயா வாசலில் நின்று முறைத்தார்.

கடைசியாக ஒரு கேள்வி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் வருகிறது. அந்த நாள்கள் வீண்தானா? தேர்வு மற்றும் மதிப்பீட்டுப் பதிவேடு வேறு எழுத வேண்டும், அதற்குத் தனியாகத் தேர்வு வைக்க வகுப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை.

கல்வியியல் வாத்தியார்

காலாண்டுக்கு முன் ஒரு அலகுத் தேர்வு எப்படியும் நடக்கும். அந்த வினாத்தாளை நீங்கள் தயாரிக்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். வினாத்தாள் திட்டவரைவு போட்டு, எந்த நோக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்து, வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்த மதிப்பெண்களை வைத்தே சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், வரைபடம் எல்லாம் போட்டுவிடலாம். தனித் தேர்வு தேவையில்லை.

உங்களிடம் முதல் நாள் சின்னத் தாள் இருக்கிறது. அதே ஆறு முழுக்கள் கணக்கை எண்களை மட்டும் மாற்றி அலகுத் தேர்வுக்கு அடுத்த நாள் கொடுங்கள். புளியங்கொட்டைக்கு முன், பின் என்று இரண்டு பட்டியல் கிடைக்கும். செயலாய்வுக்கு (வகுப்புச் சிக்கல் ஒன்றை ஆசிரியரே ஆராய்வது) வேறு தலைப்பு தேட வேண்டாம்.

தென்காசி டீச்சர்

அந்த இரண்டு தாளையும் பத்திரமாக வை. வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு நகல் கொடுத்துவிடு, நவம்பரில் நீ போன பிறகு அந்த வகுப்பு அவரிடம்தான் இருக்கப் போகிறது. விடைத்தாள் திருத்தும்போது கூப்பிட்டால் போய் உட்கார், ஒரு கட்டுத் தாள் பார்த்தால் எந்த வரியில் சறுக்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்தாயே, அது சரியாக இருந்ததா என்று தெரிந்துவிடும். விடுமுறைக்கு முன் கொட்டையை எண்ணி வாங்கிக்கொள்.